தாயின் வீடு மகன் பெயரில்

ஆங்கிலத்தில் 'எஸ்டேட்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. ஒன்று தோட்டம், மற்றொன்று, இறந்தார் விட்டுச் சென்ற சொத்து. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த நம்மவர்க்கு முதற் பொருள் நன்கு தெரியும். இரண்டாம் பொருளை அறிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்கட்கு நெடுங்காலம் நேரவேயில்லை. மலாயாவில் 1941-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இறந்தார் சொத்துக்கு வரி வாங்கினார்கள்; 'எஸ்டேட் டியூட்டி' என்பது அதன் பெயர். அவ்வரி 1991-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளோடு இந்நாட்டில் ஒழிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுக் காலம் நடைமுறையில் இருந்த ஒரு வரி, வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் நம் மக்களைக் கடந்து சென்றிருக்கிறது. 'எஸ்டேட் டியூட்டி' என்று எவரேனும் எங்கள் தோட்டத்தில் சொல்லியிருந்தால், விடியற்காலைப் பெரட்டுக்குப் போவதைத்தான் சொல்கிறார் என்று எண்ணியிருப்பார்கள்.

வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலையைக் கண்டெழுதியது 1885-இல். போ தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலைக் கன்று நட்டவர்களுள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்கள் குடியிருந்த லயங்கள் தோட்டத்துக்கு உரியவை. தொழிலாளர் குடியிருப்புக்கு இன்னின்ன வசதிகள் இருத்தல் வேண்டும் என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துரைக்கிறது. அவ்வீடு தொழிலாளிக்கே சொந்தமாக வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. என் தாயார் ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றபொழுது, நான் பயிற்சி முடித்து ஆசிரியனாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாணமிட்டு மெழுகிய அடுப்பங்கரையையும், பின்கட்டில் அவரே நட்டு வளர்த்த சவ்சவ் கொடிப் பந்தலையும் விட்டுவிட்டு, ஒரு லாரியில் ஏறிப் போந்தார். எடுத்துக்கொண்டு வரக்கூடியவை மட்டுமே அவருடையவையாக இருந்தன. அன்று எங்கள் குடும்பத்தில் பெயர் மாற்றம், பத்திரம், வரி என்னும் பேச்சுக்கே இடமில்லை. மாற்றுவதற்கு ஏதேனும் இருந்தாலன்றோ வரி!

தோட்டத்தை விட்டு வெளியேறிச் சரிவு நிலங்களிற் காய்கறி பயிரிட்டவர்களும் நம்மவருள் உண்டு. அவர்களுட் பலர் கையில் இருந்தது 'டி.ஓ.எல்.' என்று எல்லாரும் வழங்கும் தற்காலிக நில உரிமம். இவ்வுரிமத்தைப் பற்றி ஆசிரியர்கள் ஒன்றைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம். ஏனெனில் அதனை நிலப்பட்டா என்றே மயங்கி, பிள்ளைகட்குப் பிரித்துக் கொடுக்கக் கனாக் காண்போர் இன்றும் உளர். நாட்டு நிலச் சட்டத்தின்படி இவ்வுரிமம் ஆண்டு முடிவோடு முடிவது, புதுப்பித்தால்தான் தொடரும். அதனைப் பிறர்க்கு மாற்றிக் கொடுத்தல் இயலாது. உரிமம் பெற்றவர் இறந்தால், அவரோடு உரிமமும் இறந்துபடும். அதன்மேல் எழுப்பிய பலகை வீட்டுக்கு ஓர் இலட்சம் வெள்ளி செலவழித்திருந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது மகனுக்குச் செல்லும் சொத்து ஆகாது. இவ்வகையிலும் வரி என்னும் வினா எழுவதில்லை.

வினா எழுவது மூன்றாவது வகை வீட்டில்தான். ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, நகைகளை அடகு வைத்து, ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ, மலைக்குக் கீழே தாப்பாவிலோ ஒரு மலிவு விலை வீட்டை வாங்கியவர்கள் எழுபதைத் தாண்டி நிற்கிறார்கள். அவர்கள் கையில் 'கிராண்டு' இருக்கிறது. நம் சமூகத்தில் முதன்முதலாகத் தாயின் வீடு பிள்ளைக்குப் போகும் காலம் இது. அவர்கட்கு வழி சொல்லக் குடும்பத்தில் முன்னோர் எவரும் இலர். அவர்தம் முன்னோர்க்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. ஆகவே அவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். மலாய் மொழியில் எந்தக் கடிதம் வந்தாலும் தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டும் வழக்கம் தோட்டங்களில் இன்னும் மறையவில்லை. மின்சாரக் கட்டணம் முதல் மருத்துவமனைத் தவணைச் சீட்டு வரை என் மேசைக்கு வந்திருக்கின்றன.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் என் தாயாரோடு ஒரே மட்டத்திற் கொழுந்து பறித்தவர். நான் அவரைச் சின்னம்மா என்றே அழைப்பேன். வீட்டில் என்னைத் 'தம்பி' என்பார். பள்ளி அலுவலகத்துக்கு வந்தால் 'வாத்தியாரையா' என்பார். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். இருபத்தையாயிரம் வெள்ளிக்கு வாங்கிய வீடு. நெகிழிப் பையொன்றிற் சுற்றி வைத்திருந்த கிராண்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, "கடைக்குட்டி எம்பேருக்கு மாத்திக் குடுங்கறான் வாத்தியாரையா. நான் கண்ண மூடிட்டா வரி போட்டு வீட்டையே கவர்மெண்டு எடுத்துக்குமாம். நெசமா?" என்று வினவினார்.

மகன் பொய் சொன்னான் என்று நான் கருதவில்லை. பிறநாட்டுச் செய்தி ஒன்று எங்கோ அவன் காதில் விழுந்திருக்கும். பிரிட்டனில் இறந்தார் சொத்து 325,000 பவுனுக்கு மேற்பட்டால், மிகுதியில் நூற்றுக்கு நாற்பது வரியாகப் போவது பொதுவிதி. உயிரோடிருக்கும்பொழுதே கொடுத்துவிட்டாலும், கொடுத்தவர் அதன்பின் ஏழாண்டு வாழ்ந்தால்தான் முற்றும் தப்பலாம். அந்நாட்டு அச்சம் கடல் கடந்து வந்து நம் ரிங்லெட் வீட்டுக்குள் புகுந்துகொண்டது போலும். இங்கோ, முன்னரே கூறியபடி, அத்தகைய வரி 1991-ஆம் ஆண்டோடு போயிற்று. ஆதலின் சின்னம்மா கண்ணை மூடினால் வரிக்காக வீடு பறிபோகும் என்பது இல்லை. இதனைச் சொன்னதும் அவர் முகத்திலிருந்த இறுக்கம் சற்றே தளர்ந்தது. ஆனால் வினா அத்தோடு முடிந்துவிடவில்லை. உயிரோடிருக்கும்பொழுதே பெயர் மாற்றினால் என்ன வரி என்பதை அறிய வேண்டுமல்லவா?

அங்கே வரிகள் இரண்டு. முதலாவது முத்திரை வரி. 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வருவது. வீட்டை வாங்கிய விலை இதற்குக் கணக்கில்லை. இன்றைய சந்தை மதிப்பே கணக்கு. அதனைச் சொத்து மதிப்பீட்டுத் துறையினர் முடிவு செய்வர். முதல் ஓர் இலட்சம் வெள்ளிக்கு நூற்றுக்கு ஒன்று. அதன்மேல் ஐந்து இலட்சம் வரை நூற்றுக்கு இரண்டு. பத்து இலட்சம் வரை மூன்று. அதற்கும் மேற்பட்டதற்கு நான்கு. சின்னம்மாவின் வீடு இன்று இரண்டு இலட்சம் பெறும் என்று வைத்துக்கொள்வோம். முதல் இலட்சத்துக்கு 1,000 வெள்ளி. அடுத்த இலட்சத்துக்கு 2,000 வெள்ளி. ஆக 3,000 வெள்ளி. (ஆறாம் ஆண்டு மாணவர்கட்கு விழுக்காட்டுப் பாடத்தில் இக்கணக்கை நான் கரும்பலகையில் எழுதியதுண்டு. மாம்பழக் கணக்கில் உறங்கும் பிள்ளைகளும் வீட்டுக் கணக்கென்றால் விழித்துக்கொள்கிறார்கள்.) பெற்றோர் பிள்ளைக்கு விலை வாங்காமல் அன்பின் பொருட்டுக் கொடுப்பதாயின், 2023-க்கு முன்னர் இதிற் பாதியைத் தள்ளிக் கொடுத்தார்கள்; 1,500 வெள்ளி கட்டினாற் போதும். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து, முதற் பத்து இலட்சம் வெள்ளி மதிப்பு வரை முத்திரை வரி முற்றும் விலக்கப்பட்டுள்ளது. அதற்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் பாதி வரி. தோட்டத்து மக்கள் வாங்கிய வீடுகளுள் பத்து இலட்சத்தைத் தொடுபவை எத்தனை? ஆதலின் சின்னம்மாவுக்கு இவ்வரி சுழியம். வழக்கறிஞர் கட்டணமும் பதிவுக் கட்டணமும் தனி.

இரண்டாவது நில ஆதாய வரி. வீட்டையோ நிலத்தையோ வாங்கிய விலைக்கு மேல் விற்றுப் பெற்ற ஆதாயத்தின்மேல், 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கப்படுவது. இருபத்தையாயிரத்துக்கு வாங்கிய வீடு இரண்டு இலட்சமாயிற்றே, இடையிலுள்ள தொகைக்கு வரி உண்டா என்று அஞ்சுவோர் பலர். குடியுரிமை பெற்ற பெற்றோர் பிள்ளைக்குக் கொடையாகக் கொடுக்கும்பொழுது, ஆதாயமும் இல்லை நட்டமும் இல்லை என்றே சட்டம் கொள்கிறது. ஆயினும் வரி இல்லை என்பதற்காகப் படிவமும் இல்லை என்று இருந்துவிடக் கூடாது. வருமான வரி வாரியத்துக்கு அறுபது நாள்களுக்குள் அதற்குரிய படிவங்களை அனுப்புதல் வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் தனித்தனியே அனுப்ப வேண்டும்.

இவ்விடத்தில் நம்மவர் காணாது விடும் ஒரு நுட்பம் உண்டு. தாய் நெடுங்காலமாக வைத்திருக்கும் வீட்டைத் தாமே பிறர்க்கு விற்றால், ஐந்தாண்டு கடந்தமையால் இப்பொழுது ஆதாய வரி இல்லை. 2022 முதல் குடிமக்கட்கு இந்நிலை. அதே வீட்டை மகன் பெயருக்கு மாற்றி, மகன் மறு ஆண்டே விற்றால், கணக்கு மகன் கைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. மூன்று ஆண்டுகட்குள் விற்று ஆதாயம் இருப்பின் அதில் நூற்றுக்கு முப்பது வரி. குடியிருக்கும் வீடு ஒன்றுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கேட்கலாம். அந்த ஒருமுறையை இதற்கே செலவிட வேண்டியதாகும். ஆதலின், "எதற்காக மாற்றுகிறாய்? குடியிருக்கவா, விற்கவா?" என்னும் வினாவைத்தான் முதலிற் கேட்க வேண்டும். சின்னம்மாவின் மகனிடம் நான் அதனைக் கேட்டனுப்பினேன். விடை வரவில்லை.

சலுகையெல்லாம் பெற்றோர்க்கும் பிள்ளைக்கும், பாட்டன் பாட்டிக்கும் பேரப் பிள்ளைகட்கும் இடையே உள்ளவை. கணவன் மனைவியர்க்கும் விலக்கு உண்டு. அண்ணன் தம்பிக்கு இல்லை, தங்கை அண்ணன் மகனுக்கு இல்லை, மருமகளுக்கும் இல்லை. நம் குடும்பங்களில் உறவென்றால் எல்லாம் உறவே; சட்டத்துக்கு அவ்வளவு பெரிய குடும்பம் கிடையாது. தாய் காலமான பின்னர் வீடு மூன்று பிள்ளைகட்கும் சமமாகப் பிரிந்து, பிறகு இருவர் தம் பங்கைக் கடைக்குட்டிக்கு விட்டுக் கொடுக்க முன்வந்தால், அது உடன்பிறந்தாரிடைக் கொடை. அங்கே பெற்றோர்க்குரிய விலக்கைக் கேட்க இயலாது. உயிருள்ளபொழுதே மாற்றிவிடு என்று மகன் கூறியதிற் பொருளில்லாமல் இல்லை என்பதை நான் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

பிள்ளை என்பதை எப்படி மெய்ப்பிப்பது? பிறப்புப் பத்திரத்தால். இங்கேதான் பள்ளியில் இருக்கும் நமக்கு நெஞ்சு கனக்கிறது. 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின், திருமணத்தைப் பதிவு செய்தல் சட்டப்படி கட்டாயம். கோவிலில் தாலி கட்டி, ஊருக்கு விருந்து வைத்து, பதிவை மறந்துவிட்ட குடும்பங்கள் தோட்டங்களில் ஒன்றிரண்டல்ல. அவர்தம் பிள்ளைகளுட் பலரின் பத்திரத்தில் தந்தை பெயருக்குரிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. ஒவ்வோராண்டும் முதலாம் ஆண்டுப் பதிவின்பொழுது அந்த வெற்றிடத்தை நான் காண்கிறேன். பத்திரமே இல்லாத பிள்ளையையும் காண்கிறேன். அன்று அது பள்ளிச் சேர்க்கைக்கு ஒரு தடை. முப்பது ஆண்டுகள் கழித்து, தந்தை தம் வீட்டைக் கொடுக்க முன்வரும் நாளில், 'இவர் உம்முடைய மகன் என்பதற்குச் சான்று என்ன?' என்று அதே வெற்றிடம் மீண்டும் கேட்கும். அக்காள் பிள்ளையை எடுத்து வளர்த்தவர்கட்கும் இதே நிலைதான்; சட்டப்படி தத்துப் பதிவு செய்திராவிட்டால், பாலூட்டி வளர்த்த அன்புக்கு முத்திரை வரி விலக்கு கிட்டாது. பெறுபவர் மலேசியக் குடியுரிமை உடையவராகவும் இருத்தல் வேண்டும். பிறப்புப் பத்திரமில்லாப் பிள்ளைக்குக் குடியுரிமை எங்கிருந்து வரும்? வரி விலக்குக்குச் செலுத்தும் கட்டணம் பிறந்த நாளன்றே செலுத்தப்பட வேண்டியதாயிருக்கிறது.

சின்னம்மாவிடம் இத்தொல்லை இல்லை. மூவருக்கும் பத்திரம் இருந்தது. மூவரும் என் பள்ளியிற் படித்தவர்களே. நான் கிராண்டைப் பிரித்துப் பார்த்தேன். பலரும் பெயரையும் நில எண்ணையும் பார்த்துவிட்டு மூடிவிடுவர். கீழே 'செகாத்தான் கெபெந்திங்ஙான்' என்று ஒரு வரி இருக்கும். உரிமைக்கு இடப்பட்ட தடை என்று அதற்குப் பொருள். மலிவு விலை வீடுகளிலும் குத்தகை நிலங்களிலும், மாநில அரசின் இசைவின்றி இந்நிலத்தை மாற்றுதல் ஆகாது என்னும் தொடர் அங்கே காணப்படுவது வழக்கம். சின்னம்மாவின் கிராண்டிலும் இருந்தது. தாய் மகனுக்குத்தான் கொடுக்கிறார் என்பதால் அத்தடை நீங்கிவிடாது. நில அலுவலகத்தில் விண்ணப்பித்து இசைவு பெற்ற பின்னரே மாற்றுப் படிவம் செல்லும். குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு என்பதும் அங்கேதான் தெரியும். வங்கிக் கடன் மீதமிருப்பின் வங்கியின் இசைவும் வேண்டும்; அவர் கடனை எப்பொழுதோ கட்டி முடித்திருந்தார்.

ஆக, வரியளவில் அவர்க்குத் தடையொன்றும் இல்லை. ஒரு காசும் வரியின்றிக் கொடுக்கலாம். இதனைச் சொல்லும்பொழுதுதான் என் உள்ளத்தில் அச்சம் தோன்றிற்று. முத்திரை வரி 1,500 வெள்ளியாக இருந்த காலத்தில், அந்தப் பணத்தைத் திரட்டும் வரையிலாவது முதியவர்கட்கு எண்ணிப் பார்க்கக் காலம் கிடைத்தது. இப்பொழுது வாயில் அகலத் திறந்திருக்கிறது. கையொப்பமிட்டுப் பதிவாகிவிட்டால், அந்த வீட்டில் அவர் மகனின் விருந்தாளி. மகன் அடகு வைக்கலாம், விற்கலாம், மகனுக்குக் கடன் நேர்ந்தால் கடன் கொடுத்தவர் வீட்டைத் தொடரலாம், மகன் முந்திக்கொண்டால் வீடு அவன் மனைவி மக்கட்குப் பெரும்பாலும் போய்ச் சேரும். லயத்து வீட்டில் துரை சொன்னால் வெளியேற வேண்டும் என்றிருந்த நிலைக்கும் இதற்கும் சட்டக் கண்கொண்டு பார்த்தால் பெரிய வேறுபாடு தோன்றவில்லை.

இந்தியாவில் 2007-ஆம் ஆண்டு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிய பிள்ளை அவ்வாறு பார்த்துக்கொள்ளாவிடின், எழுதியதைச் செல்லாதென அறிவிக்க அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு இடமளிக்கிறது. தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் அச்செய்தியைக் கண்டுவிட்டு, 'எழுதிக் கொடுத்தாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்' என்று இங்கே ஒரு பெரியவர் என்னிடம் வாதிட்டார். அந்தச் சட்டம் அங்கேதான் செல்லும் என்று அவரை நம்பவைக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

சின்னம்மாவிடம் நான் மூன்று வழிகளைச் சொன்னேன். முழு வீட்டையும் இப்பொழுதே மாற்றலாம். அல்லது பாதிப் பங்கை மட்டும் மாற்றி, கிராண்டில் இருவர் பெயரும் நிற்கச் செய்யலாம்; அப்பொழுது அவர் கையொப்பம் இல்லாமல் முழு வீட்டை விற்க எவராலும் இயலாது. அல்லது ஒன்றையும் மாற்றாமல் உயில் எழுதி வைக்கலாம். உயிலுக்கு இரு சாட்சிகள் வேண்டும். சொத்துப் பெறும் பிள்ளையோ அப்பிள்ளையின் துணைவரோ சாட்சியாக நின்றால் அவர்க்கு எழுதியது செல்லாமற் போகும். உயிலின்படி பின்னாளிற் பெயர் மாறும்பொழுது முத்திரை வரி பத்து வெள்ளிதான். ஆனால் நீதிமன்ற நடைமுறைக்குக் காலமும் கட்டணமும் உண்டு. எதனைத் தேர்ந்தெடுப்பதாயினும் வழக்கறிஞர் ஒருவரை அவரே நேரிற் கண்டு, அவர்க்கு விளங்கும் மொழியிற் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும் என்றும் வற்புறுத்தினேன். மகன் அழைத்துச் செல்லும் வழக்கறிஞர் மகனின் வழக்கறிஞர். இதனைச் சற்றுக் கடுமையாகவே சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். வெளியே பனி இறங்கி, திடலுக்கு அப்பாலிருந்த தேயிலைச் சரிவு கண்ணுக்குப் புலப்படவில்லை. பின்னர் நெகிழிப் பைக்குள் கைவிட்டு வேறொரு கட்டுத் தாளை வெளியே எடுத்தார். வீட்டு வரி இரசீதுகள். ஆண்டுக்கு இரண்டாக, வீடு வாங்கிய நாள் முதல் ஒன்றுவிடாமல் அடுக்கி வைத்திருந்தார்.

"இந்தப் பேப்பருல எம்பேருதானே வருது?"

"ஆமாம், சின்னம்மா."

"பாதி எழுதிக் குடுத்தாலும் வருமா?"

"இரண்டு பேர் பெயரும் வரும்."

"எது முன்னாடி?"

அதனை நான் சட்ட நூல் எதிலும் படித்ததில்லை. நில அலுவலகத்திற் கேட்டுச் சொல்வதாகக் கூறினேன். அவர் இரசீதுகளைத் திரும்ப அடுக்கி, கிராண்டின்மேல் வைத்துச் சுற்றினார். வழக்கறிஞரை எந்த நாளிற் பார்க்கலாம், தாப்பாவுக்குப் போகும் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, தனியாகவே போய் வருவதாகச் சொல்லி எழுந்தார்.